வரிசையில் பின்னால் நின்றவர்

ஏழாம் நாள் காலை கோமதி அலுவலகத்துக்குள் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்தாள். முன்வாசலில் இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். 'என் வாக்கு எங்கே?' என்று ஒரு பதாகை கேட்டது. 'திருடர்கள்' என்றது இன்னொன்று. அந்தக் கூட்டத்தின் முதல் வரிசையில், போன குளிர்காலத்தில் அவளே தேடி வாங்கிக் கொடுத்த நீலக் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு அவள் கணவர் ஆவுடையப்பன் நின்றிருந்தார்.

அவர் கையில் பதாகை இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

வில்லோபி கவுண்ட்டி அமெரிக்காவின் நடுவே சோளக்காட்டுக்கும் டயர் தொழிற்சாலைக்கும் இடையில் கிடக்கும் ஊர்களின் தொகுப்பு. சங்கரன்கோவிலில் பிறந்த கோமதி அங்கே வந்து இருபத்துநான்கு வருஷம் ஆகிறது. கணவர் ஊர் மருந்துக்கடையில் மருந்தாளுநர். அவள் பதினோரு வருஷமாகக் கவுண்ட்டித் தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்த்து, இப்போது துணை அதிகாரி. ஒரு தேர்தலில்கூட அவள் மேசையில் ஒரு தாள் குறைந்தது கிடையாது.

முந்தைய இரண்டு ஜனாதிபதித் தேர்தல்களும் அந்த மாநிலத்தைக் கிழித்துப் போட்டிருந்தன. தோற்றவர்கள் எண்ணிக்கையை நம்பவில்லை. மறு எண்ணிக்கையையும் நம்பவில்லை. எண்ணியவர்களின் வீட்டு ஜன்னல்கள் உடைந்தன. கடைசியில் மாநில அவை ஒரு வழி கண்டது. நம்பாதவனுக்கு அவன் வாக்கையே காட்டிவிடுவோம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். அந்த ஏற்பாட்டுக்கு மறுபார்வை என்று பெயர்.

முதல் நாள் வந்த ஒரு கிழவருக்குக் கோமதிதான் அதை விளக்கினாள்.

"வாக்குத்தாளை மெஷின்ல வைக்கும்போது பக்கத்துத் தட்டுல உள்ளங்கையை வச்சீங்க இல்லையா? இப்போ இந்த அறைக்குள்ள போய் அதே கையை வையுங்க. உங்க தாளோட படம் திரையில வரும். 'இது உங்கள் வாக்கா?'ன்னு கேக்கும். ஆம், இல்லைன்னு ரெண்டு பொத்தான்."

"நீ பாக்க மாட்டியா?"

"நான் என்ன, ஜனாதிபதியே வந்தாலும் பாக்க முடியாது. உங்க கைதான் சாவி."

"நான் 'இல்லை'ன்னு அமுக்கினா?"

"அதை எண்ணிக்கிட்டே வருவோம். ஏழு நாளுக்குள்ள மூவாயிரத்தைத் தொட்டுட்டா இந்தக் கவுண்ட்டி முடிவையே நிறுத்திடுவாங்க. அப்புறம் மாநில அவை தீர்மானிக்கும்."

"அவங்களையா நம்புறது!" என்று கிழவர் சிரித்தார். உள்ளே போனார், பார்த்தார், 'ஆம்' என்று அமுக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல முகம் மலர வெளியே வந்தார். சட்டம் போட்டவர்கள் புத்திசாலிகள்தான் என்று கோமதி அன்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் எண்ணிக்கை வந்தது. ஜனாதிபதி வேட்பாளர் இருவரில் குவின் இந்தக் கவுண்ட்டியில் எண்ணூற்றுச் சொச்சம் வாக்கில் ஆல்ட்ரிஜை முந்தியிருந்தார். மாநிலத்தின் முடிவே இந்தக் கவுண்ட்டியில் தொங்கியது. அன்று பிற்பகலிலிருந்து 'இல்லை' ஏற ஆரம்பித்தது. முன்னூறு. எழுநூறு. சிலர் வேண்டுமென்றே அமுக்கினார்கள். 'போய் இல்லை என்று அமுக்குங்கள், முடிவு நிற்கட்டும்' என்று கைபேசியில் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் எல்லாரும் அப்படியில்லை. அறையிலிருந்து வெளியே வரும் முகங்களை அவள் பார்த்தாள். சிலர் முகத்தில் கள்ளம் இருந்தது. சிலர் முகத்தில் இருந்தது பயம்.

மூன்றாம் நாள் மாலை அவள் வீட்டில் சொதியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் குளிரங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கோமதி, உங்க மெஷின் என் ஓட்டை மாத்திட்டு."

"என்னங்க சொல்லுதீங்க?"

"நான் ஆல்ட்ரிஜுக்குப் போட்டேன். குவின்னு காட்டுது. இப்பதான் பாத்துட்டு வாரேன்."

"வட்டத்தை மாத்தி நிரப்பியிருப்பீங்க."

"முப்பது வருசமா பத்து மில்லிகிராமையும் நூறு மில்லிகிராமையும் மாத்திக் குடுத்தது கிடையாது நான். ஒரு வட்டம் நிரப்பத் தெரியாதா எனக்கு?"

கோமதி அடுப்பை அணைத்தாள். வாயை அடக்கியிருக்கலாம். அன்று காலையிலிருந்து அறுபது பேரிடம் திட்டு வாங்கியிருந்தாள். "கைபேசியில எல்லாரும் 'இல்லை'ன்னு அமுக்கச் சொல்லுதாங்களே, நீங்களும்..."

"அப்போ நான் பொய் சொல்லுதேன்."

"அப்படிச் சொல்லலைங்க."

"வேற எப்படி?" அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "என்னையும் அந்த மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, நீ மெஷினை நம்புத. இருபத்தஞ்சு வருசம் உன்கூட இருந்தவன் நான்."

அவள் யாருக்குப் போட்டாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. வீட்டு வாசலில் ஆல்ட்ரிஜ் பெயர்ப் பலகையை நட்டபோது "நம்ம வீடு" என்றுதான் சொல்லி நட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அலுவலக வாசலில் போய் நின்றார்.

நான்காம் நாள் பிக்ஸ்பி தம்பதி வந்தார்கள். கர்ட் பிக்ஸ்பி டயர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன், ஆறடி உருவம். அவன் மனைவி ஜோலீன் அவன் தோளுக்கும் கீழே. முதலில் கர்ட் உள்ளே போனான். கதவைக் காலால் உதைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"என் வாக்கைத் திருடி அவனுக்குக் கொடுத்திருக்கீங்க! பாரு ஜோலீன், நான் சொன்னேனா இல்லையா? போ, உன்னோடதையும் பாரு. உன்னோடதையும் மாத்தியிருப்பாங்க."

ஜோலீன் உள்ளே போனாள். பத்து விநாடியில் வந்துவிட்டாள்.

"என்னோடது சரியா இருக்கு," என்றாள், தரையைப் பார்த்து.

"ஆல்ட்ரிஜ்தானே?"

"ஆமா. ஆல்ட்ரிஜ்."

அவள் கைகள் இரண்டும் அங்கிப் பைகளுக்குள் இருந்தன. பையின் துணி நடுங்குவது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த கோமதிக்குத் தெரிந்தது. கணவனின் கோபத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அடுத்தவர் நின்றிருந்தார்.

ஐந்தாம் நாள் யாரோ கோமதியின் வீட்டு முகவரியை இணையத்தில் போட்டார்கள். 'வந்த ஊருக்கே போ' என்று கீழே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த ஆவுடையப்பன் வாசல் விளக்கை மாற்றிப் பெரிய விளக்காகப் போட்டார். பிறகு தன் இடத்தில் போய் நின்றார். ஆறாம் நாள் அலுவலக ஜன்னல் ஒன்று உடைந்தது.

ஏழாம் நாள் காலை பதினொன்றுக்கு 'இல்லை' இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று. கடைசி நேரம் மாலை ஐந்து.

தேர்தல் ஊழியர்கள் தங்கள் வாக்கைக் கடைசி நாளில்தான் பார்க்கலாம் என்று விதி. கோமதிக்குப் பார்க்கவே எண்ணமில்லை. தலைமை அதிகாரி ரூத் கெஸ்லர்தான் வற்புறுத்தினார். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. ஒரு வாரமாக அலுவலக நாற்காலியிலேயே தூங்கி எழுந்துகொண்டிருந்தார்.

"போய்ப் பார்த்துட்டு வா. அதிகாரியே பார்க்கலைன்னு வெளியில பேச்சாகிடும்."

கோமதி மூன்றாம் எண் அறைக்குள் போய்க் கையை வைத்தாள். திரையில் தாள் வந்தது.

ஜனாதிபதி: ஆல்ட்ரிஜ்.

அவள் நிரப்பியது குவின் பெயருக்கு எதிரே இருந்த வட்டம். பேனாவின் அழுத்தம்கூட விரலில் நினைவிருந்தது. இந்த நாட்டில் அவள் யாரையும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

அப்படியானால் வாசலில் நிற்கிறவர்கள் சொல்வது உண்மை. அவர் சொன்னதும் உண்மை. இத்தனை நாளாக அவள் அத்தனை பேரையும் பொய்யர்கள் என்று மனதுக்குள் வைதிருக்கிறாள். அவள் காவல் காத்த மெஷின்தான் திருடியிருக்கிறது. மிச்சத் தாளையும் பார்த்தாள்.

கீழே, வடிகால் வாரிய உறுப்பினர் பதவி. யாருமே போட்டியிடாத பதவி. விரும்பும் பெயரை வாக்காளர் எழுதலாம். அவள் அதை வெற்றாகத்தான் விட்டிருந்தாள். திரையில் அந்தக் கோட்டின் மேல், மருந்துப் புட்டிகளில் குறிப்பு எழுதிப் பழகிய சாய்ந்த எழுத்தில், ஒரு பெயர் இருந்தது.

ஆவுடையப்பன்.

தெருவில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று நான்கு வருஷமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்த மனிதர் கடைசியில் தன் பெயரையே எழுதிவைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்திருக்கும். கோமதிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

இது அவருடைய வாக்கு. அப்படியானால் அவர் பார்த்த வாக்கு யாருடையது?

எந்தப் பொத்தானையும் அமுக்காமல் வெளியே வந்தாள்.

பத்து நிமிஷத்தில் ரூத்தின் அறையில் கதவு சாத்தப்பட்டது. மெஷின் செய்த நிறுவனத்தின் பொறியாளர் நோரா என்ற பெண் கணினித் திரையில் வந்தாள். கோமதி தான் பார்த்ததைச் சொல்லி முடித்ததும் நோரா கேட்டாள்:

"உங்க கணவர் உங்களுக்கு முன்னால நின்னாரா?"

"ஆமா. நான் அவருக்கு நேர் பின்னால."

"எவ்வளவு பின்னால?"

"ஒட்டித்தான். அவர் தாளை வைக்கும்போது நான் அவர் அங்கியைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

நோரா தன் பக்கத்தில் எதையோ தட்டினாள். பிறகு சொன்னாள்: "முன்னால இருக்கிறவர் கையை எடுக்கிறதுக்குள்ள பின்னால இருக்கிறவர் கை தட்டுக்குப் பக்கத்துல வந்துட்டா, ரெண்டு சாவியும் இடம் மாறிடுது. அவருக்கு உங்க தாள், உங்களுக்கு அவர் தாள்."

"சோதனை பண்ணலையா?" என்றார் ரூத்.

"ஆயிரம் தடவை பண்ணினோம். எங்க ஊழியர்களை வரிசையில நிக்க வச்சு." அவள் குரல் தழைந்தது. "அவங்க எல்லாரும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் நாலடி தள்ளித்தான் நிப்பாங்க. யாரும் யாரையும் ஒட்டி நிக்கலை."

"எண்ணிக்கை?"

"எண்ணிக்கை சரி. எண்ணினது தாளை. கைக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. காட்டுறது மட்டுந்தான் தப்பு."

ரூத் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவர் தோள்கள் இறங்கின. "கடவுளே! ஒரு வாக்குகூடத் திருடு போகலை. மூணு மணிக்கு வாசல்ல நின்னு சொல்லிடுவோம். உங்களுக்குப் பின்னால நின்னவரோட வாக்கைத்தான் பார்த்தீங்க, உங்க வாக்கு பத்திரமா இருக்குன்னு. முடிஞ்சது."

நோரா சொன்ன ஒரு வார்த்தை கோமதிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒட்டி நிற்பது. அந்நியர்கள் ஒட்டி நிற்க மாட்டார்கள். ஒட்டி நிற்பவர்கள் வீட்டார்தான். புருஷன் பெண்டாட்டி. அப்பன் மகன். இரண்டு பேரும் ஒரே ஆளுக்குப் போட்டிருந்தால் மாறியது தெரியவே தெரியாது. வேறு வேறு ஆளுக்குப் போட்டிருந்தால்தான் தெரியும். ஒருவர் கத்துவார். மற்றவர்?

மற்றவர் தரையைப் பார்த்து, "என்னோடது சரியா இருக்கு" என்பார்.

ஜோலீனுக்கு நான்காம் நாளே புரிந்துவிட்டிருக்கிறது. பொறியாளருக்கு முன்பே, அதிகாரிகளுக்கு முன்பே. அங்கிப் பைக்குள் நடுங்கியது அதுதான்.

"ரூத், அப்படிச் சொல்லக்கூடாது," என்றாள் கோமதி.

"எப்படி?"

"பின்னால நின்னவங்கன்னு. கர்ட் பிக்ஸ்பின்னு ஒருத்தன் ஜன்னல் உடையிற மாதிரி கத்தினானே, ஞாபகம் இருக்கா? அவனுக்குப் பின்னால நின்னது அவன் பொண்டாட்டி. நாம மைக்கை வச்சுச் சொல்ற அந்த நிமிஷம் அவனுக்குத் தெரிஞ்சிடும். அவளை அவன் என்ன பண்ணுவான்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்."

"ஒருத்திக்காகவா..."

"ஒருத்தி இல்ல. நூத்துக்கணக்குல இருப்பாங்க. நேத்து ஒரு அம்மா குவினுக்குப் போட்டேன், ஆல்ட்ரிஜ்னு காட்டுதுன்னு அழுதாங்க. பக்கத்துல அவங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசலை. அப்பா ஓட்டு எனக்குத் தெரியுமா, என் ஓட்டு அப்பாவுக்குத் தெரியுமான்னு ஒரு பையன் போன் பண்ணிக் கேட்டான். எதுக்குக் கேக்கிறான்னு அப்ப புரியலை."

ரூத் எழுந்து ஜன்னலருகே போனார். உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்தது. வெளியே கோஷம் கேட்டது.

"நீ சொல்றது புரியுது. ஆனா அவங்க என்ன சொல்லிக் கத்துறாங்க, கேளு. மறைக்கிறோம்னுதானே? இன்னைக்கு, இந்த ஒரு நாள்ல, உண்மையைக் கையில வச்சுக்கிட்டு மறைக்கச் சொல்றியா? காரணம் சொல்லாம 'தப்பு நடந்தது ஆனா சரியா இருக்கு'ன்னா யாரு நம்புவாங்க?"

"நம்ப மாட்டாங்க."

"பிறகு?"

"உங்க ஓட்டு உங்களுக்கு மட்டுந்தான்னு எல்லாச் சாவடியிலயும் எழுதி ஒட்டினது நான், ரூத். அதை நம்பித்தான் ஜோலீன் அந்த வட்டத்தை நிரப்பினா. வெளியே நிக்கிறவங்க நம்மளை நம்பலை. அவ ஒருத்தி நம்பினா."

ரூத் திரும்பி அவளைக் கூர்ந்து பார்த்தார். "இதுல உன் ஓட்டும் இருக்கு. உன் புருஷன் வாசல்ல நிக்கிறார். உனக்காகப் பேசுறியா, அவளுக்காகப் பேசுறியா?"

கோமதிக்கு முகம் சுட்டது. பொய் சொல்ல நேரமில்லை.

"எனக்காகவும்தான்," என்றாள்.

ஒரு மணிக்கு மாநிலத் தலைநகரின் நீதிபதியிடம் காணொளியில் பேசினார்கள். எல்லாவற்றையும் கேட்ட நீதிபதி, காரண அறிக்கையை ஐம்பது வருஷத்துக்கு முத்திரையிட்டு வைக்க உத்தரவிட்டார். தாள் எண்ணிக்கைதான் செல்லும் என்றார். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார். "சட்டத்தை நான் திருத்த முடியாது. அறைகள் ஐந்து மணிவரை திறந்திருக்கும். அதற்குள் மூவாயிரத்தைத் தொட்டால் முடிவு நிற்கும். என்னால் தடுக்க முடியாது."

மூன்று மணிக்கு 'இல்லை' இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்கு.

"நீதான் கேட்ட. நீயே போய்ப் படி," என்று ரூத் தாளைக் கோமதியிடம் கொடுத்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

படிக்கட்டில் பனி இறுகிக் கிடந்தது. இரண்டு காவலர்கள் இருபுறமும் நின்றார்கள். கோமதி ஒலிபெருக்கியைப் பிடித்துப் படித்தாள். மறுபார்வைத் திரை சிலருக்குத் தவறாகக் காட்டியிருக்கிறது. 'இது என் வாக்கு இல்லை' என்றவர்களில் பலர் உண்மையையே சொன்னார்கள். அவர்களிடம் இந்த அலுவலகம் மன்னிப்புக் கேட்கிறது. தாள்களின் எண்ணிக்கையில் தவறு இல்லை. தவறின் காரணம் நீதிமன்றத்தில் முத்திரையிடப்பட்டிருக்கிறது.

அவள் தாளை மடித்தாள். பிறகு கூட்டம் வெடித்தது.

"என்ன காரணம்?"

"சொல்லு! எதை மறைக்கிற?"

சூடான காபிக் கோப்பை ஒன்று பறந்து வந்து அவள் தோளில் பட்டுச் சிதறியது. காவலர் ஒருவர் முன்னால் வந்தார். கூட்டத்தில் கர்ட் பிக்ஸ்பி ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில்தான் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஜோலீன் கோமதியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவாளா, சொல்லிவிடுவாளா என்று அந்தப் பார்வை கேட்டது.

அப்போது ஆவுடையப்பன் இரண்டு படி ஏறி வந்தார். காவலர் தடுத்தார். "என் கணவர்," என்றாள் கோமதி. காவலர் கையை இறக்கினார்.

"கோமதி." தமிழில் பேசினார். அத்தனை இரைச்சலுக்கு நடுவே, சமையலறையில் பேசுவது போல. "இங்க யாருக்கும் நம்ம பேச்சு புரியாது. அவங்களுக்குச் சொல்லாண்டாம், எனக்கு மட்டும் சொல்லு. நாலு நாளா ஒறக்கம் இல்ல. நான் பொய்யா, உன் மெஷின் பொய்யா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவர் கண்கள் சிவந்திருந்தன. தாடியை மழிக்கவில்லை. மனைவி தன்னைப் பொய்யன் என்று நினைக்கிறாள் என்ற ஒன்றைத்தான் இந்த மனிதர் பனியில் நின்று சுமந்திருக்கிறார், ஆல்ட்ரிஜையோ குவினையோ அல்ல என்று கோமதிக்கு அப்போதுதான் உறைத்தது. எதையாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முத்திரையை உடைக்காமல் என்ன சொல்ல முடியும்?

"ரெண்டும் பொய் இல்லைங்க," என்றாள்.

"அது எப்படி ரெண்டும்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். அவளும் கண்ணைத் திருப்பவில்லை. மருந்துச் சீட்டில் ஏதோ பொருந்தவில்லை என்றால் அவர் இப்படித்தான் அசையாமல் நிற்பார். முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு சுருக்கம் விட்டது. அவர் பார்வை ஒரு தடவை அன்று வரிசையில் அவள் பிடித்திருந்த தன் அங்கியின் கை மடிப்புக்குப் போய், திரும்ப அவள் முகத்துக்கு வந்தது.

தான் பார்த்தது யாருடைய வாக்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. ஓங்கி ஒரு அடி விழுந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

"என்ன சொன்னா? என்ன சொன்னா உன் பொண்டாட்டி?" கர்ட் பிக்ஸ்பி கீழேயிருந்து கத்தினான். சுற்றியிருந்த அத்தனை பேரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். ஜோலீனும்.

அவர் திரும்பினார். ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "அவளுக்கும் காரணம் தெரியாதாம். ஏதோ மின்கோளாறு என்கிறாள்."

பிறகு படியிறங்கிக் கூட்டத்துக்குள் போனார். நீல அங்கி சற்று நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அதற்குப் பின் இரண்டு மணி நேரம் கோமதி எண்ணிக்கைப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பைக் கேட்ட ஆத்திரத்தில் மேலும் ஆட்கள் உள்ளே வந்தார்கள். நான்கு மணிக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. நான்கரைக்கு எண்பத்திரண்டு. ஒவ்வொரு முறை அறைக் கதவு திறக்கும்போதும் ரூத் விரலை நெட்டி முறித்தார். ஐந்து மணிக்கு மெஷின்கள் தாமாக அணைந்தபோது பலகையில் இருந்தது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு.

மூவாயிரத்தைத் தொடவில்லை, எண்ணிய முடிவே நிலைத்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் செய்திகளில் வந்ததுதான். அடுத்த வருஷம் மறுபார்வைச் சட்டத்தை மாநில அவையே ரத்து செய்தது. கோமதி அந்தக் கோடையில் வேலையை விட்டுவிட்டாள். வில்லோபிக்காரர்கள் இன்றைக்கும் காபிக் கடைகளில் அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசினால், அன்றைக்கு எதையோ மறைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. மறைத்தது உண்மைதான்.

ஆனால் அன்று மாலை, கூட்டம் கலைந்த பிறகு, இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. 'இல்லை' என்று அமுக்கியவர் மனம் மாறினால் ஐந்து மணிக்குள் திரும்ப வந்து, காரணம் எழுதிக் கொடுத்து, அதை 'ஆம்' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டத்தின் ஒரு மூலையில் ஒரு விதி இருந்தது. அதற்கென்று ஒரு பெட்டி பக்கவாசல் அருகே வைத்திருந்தார்கள். முதல் ஆறு நாளும் யாரும் அதைத் தொடவில்லை. வழக்கப்படி ரூத் பூட்டைத் திறந்தார்.

உள்ளே ஒரு படிவம் இருந்தது.

ரூத் அதைப் படித்தார். கோமதியிடம் நீட்டினார்.

நேரம், நான்கு ஐம்பத்திரண்டு. பெயர், ஆவுடையப்பன். காரணம் என்ற இடத்தில், அதே சாய்ந்த எழுத்தில் இரண்டு வரி: 'அன்று மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டேன். இது என் வாக்குதான்.'

கோமதி அதை மறுபடி படித்தாள். ஐம்பத்தாறு வயதிலும் மாத்திரைப் புட்டியின் பொடி எழுத்தை வெறும் கண்ணால் படிக்கிற மனிதர் அவர். மூக்குக்கண்ணாடி என்ற ஒன்று அந்த வீட்டிலேயே கிடையாது.

"சரிபார்த்து அதிகாரி கையெழுத்துப் போடணும்," என்றார் ரூத், தாழ்ந்த குரலில். "உன் கணவர் கண்ணாடி போடுவாரா? நான் பார்த்ததே இல்லையே."

கோமதி பேனாவை எடுத்தாள்.

"போடுவார்," என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.